சீர் வண்டி

"சார், நீங்க அந்த வண்டியை இப்போ ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

போனில் வந்த பெண் குரல் இப்படிக் கேட்டபோது அம்புரோஸ் திரேஸ்புரம் ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கிரெடிட் கார்டு விற்கிறவள் என்று நினைத்து வெட்டிவிடப் போனான். வண்டி என்ற சொல் அவன் விரலை நிறுத்தியது.

"எந்த வண்டிம்மா?"

"உங்க பேர்ல பதிவாகியிருக்கிற வெள்ளை எஸ்.யூ.வி. சார். நான் இந்துமதி, வண்டிக் கம்பெனி கஸ்டமர் கேர்லேர்ந்து பேசறேன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது. கடலோர ஊர்கள்ல ஓடற பழைய வண்டிகள்ல, ஸ்டியரிங் தண்டுல இருக்கிற ஒரு ஜாயிண்ட் உப்புக்காத்துல துருப்பிடிச்சுடுது சார். வண்டி ஆறியிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. ஓடி நல்லா சூடானதும் அந்த ஜாயிண்ட் இறுகி, ஸ்டியரிங் திரும்பாம அப்படியே நின்னுடும். இலவசமா மாத்தித் தர்றோம். அதுவரைக்கும் தயவுசெய்து வண்டியை எடுக்காதீங்க."

அம்புரோஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

அந்த வண்டி அவனிடம் இல்லை. சில வருஷம் ஓட்டிவிட்டு, தங்கை அனிஷாவின் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த வண்டி. பானெட்டில் ரோஜா மாலை சுற்றி, கோயில் வாசலில் வைத்து மாப்பிள்ளை ரெக்சன் கையில் சாவியைக் கொடுத்தபோது தெருவே கைதட்டியது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் அம்புரோஸ் பேர் அப்படியே இருந்தது. சீர் வண்டிக்குப் பேர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது அந்தக் கரையில் வழக்கமில்லை. கேட்டால், மச்சானை நம்பவில்லை என்று அர்த்தம். கேட்காமல் விட்டால் பெருந்தன்மை. ரெக்சன் பெருந்தன்மையாக இருந்துவிட்டான்.

அதெல்லாம் நல்லா இருந்த காலம். இப்போது ரெக்சன் பேரைக் கேட்டாலே அம்புரோஸுக்குப் பல் கூசும். காரணம், கடல் அட்டை. பிடிக்கவே கூடாத அட்டையைப் பிடித்து, அவித்து, உலர்த்தி, இலங்கைப் பக்கம் அனுப்புவது அம்புரோஸின் தொழில். மூட்டைகளைத் தங்கச்சி வீட்டுக் கொல்லையில் ஒளித்து வைத்திருந்தான். 'எடுத்துட்டுப் போங்க மச்சான், கப்பல் வேலைக்கு வேட்டு வச்சிராதீய' என்று ரெக்சன் கெஞ்சினான். எடுத்துத் தன் வலைக்கொட்டகையில் வைத்த மறுநாளே வனத்துறை ரேஞ்சர் ஆட்களோடு வந்து நின்றார். யார் சொல்லியிருப்பார்கள்? பேரூரணி ஜெயிலில் ஒவ்வொரு கொசுவையும் ரெக்சன் பேரைச் சொல்லித்தான் அடித்தான் அம்புரோஸ்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா." குரலில் தேன் ஒழுகியது. "வண்டி என்கிட்டதான் இருக்கு. ஷெட்ல நிக்கி. நான் ஓட்டுததே இல்ல."

"ரொம்ப நல்லது சார். பார்ட் ஆர்டர் போட உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொன்னீங்கன்னா..."

"அவசரம் இல்லம்மா. நானே கூப்பிடுதேன்."

போனை வைத்தான். பக்கத்தில் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்த ஐஸ் கம்பெனி பேச்சிராஜா கேட்டான்: "யாருண்ணே? மொகம் இப்படி மலருது?"

"மாதா அனுப்பின ஆளுடே," என்றான் அம்புரோஸ்.

*

முத்தையாபுரத்தில் ரெக்சனுக்கு இந்த போன் விஷயம் எதுவும் தெரியாது. கப்பல் எஞ்சின் அறையில் மோட்டார்மேன் வேலை. லீவில் வந்திருந்தான். அவன் கப்பலேறிய பிறகு அந்த வண்டியை ஓட்டப்போவது அனிஷாதான். ஆத்தூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் திருச்செந்தூர் ரோட்டில் போய் வருகிறவள்.

அன்று அவளைக் கூட்டிக்கொண்டு ஆத்தூரிலிருந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. பழையகாயல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தான். ஒடியவில்லை. கல்லில் நட்ட கம்பம் மாதிரி நின்றது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்பில் ஏறி, பாத்திக்குள் மூக்கை நுழைத்து நின்றது. எதிரே வந்த டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. அனிஷாவின் உதட்டில் ரத்தம். உப்பள ஆட்கள் சேர்ந்து தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டபோது வண்டி ஆறியிருந்தது. ஸ்டியரிங் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பியது.

மறுநாள் பாளை ரோடு சர்வீஸ் சென்டர். அட்வைசர் செந்தூர்வேல் இடமும் வலமும் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தானே சார் திரும்புது?"

"இப்ப திரும்பும்யா. நேத்து திரும்பலையே!"

செந்தூர்வேல் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினான். புருவம் ஏறியது. "உங்க வண்டிக்கு ரீகால் ஒண்ணு காட்டுது சார், கம்பெனியே கூப்பிட்டு மாத்தித் தர்றது. என்ன ஏதுன்னு திறந்து பாக்கணும்னா ஓனர் நம்பருக்குப் போற ஓடிபி வேணும்."

"நான்தான் ஓனர்."

"சிஸ்டத்துல அம்புரோஸ்னு இருக்கே?"

"என் மச்சான்."

"அப்ப என்ன சார், குடும்பத்துக்குள்ளதானே. ஒரு போன் போடுங்க."

"மேனேஜரப் பாக்கலாமா?" என்றாள் அனிஷா.

"பாக்கலாம் மேடம். அவருக்கும் இதே சிஸ்டம்தான்."

வெளியே வந்து வண்டியில் சாய்ந்து நின்றான் ரெக்சன். அதைச் சரிபண்ண அம்புரோஸ் வேண்டும். விற்றுத் தொலைக்கவும் அம்புரோஸ் கையெழுத்து வேண்டும்.

"பஸ்ல போயிக்கிடுதேன். விடுங்க," என்றாள் அனிஷா.

"நான் கடல்ல கெடக்கும்போது நீ ஒருநாள் அவசரத்துக்குச் சாவிய எடுப்ப. எடுக்க மாட்டேன்னு சொல்லு?"

ரெக்சன் போனை எடுத்தான்.

*

அம்புரோஸ் போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டான். ஐஸ் கம்பெனி வாசலில் அன்றைக்கு நல்ல கூட்டம்.

"மச்சான், நல்லாருக்கியளா? உங்க போனுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும்..."

"சத்தமா சொல்லுலே. இங்கன எல்லாரும் கேக்காவ."

"ஓடிபி மச்சான். வண்டி ஸ்டியரிங் இறுகுது. சர்வீஸ்ல..."

"என் வண்டி இறுகுதா! ஆத்தாடி. ஓட்டத் தெரியாதவனுக்கு ஸ்டியரிங் என்ன, சைக்கிள் ஹாண்டில்பாரே இறுகும்." பேச்சிராஜா சிரித்தான். "சரி, எழுதிக்கோ. நாலு. ஒண்ணு. அடுத்து ஏழா, ஒண்ணா? கண்ணாடி போடலடே. ஏழுன்னே போடு. ஆறு."

செந்தூர்வேல் தட்டினான். தப்பு. மறுபடி ஓடிபி. மறுபடி அம்புரோஸ் வேறு எண் சொன்னான். மறுபடி தப்பு. ஒவ்வொரு எண்ணும் பத்து நிமிஷத்தில் செத்துப்போனது. ஐஸ் கம்பெனியில் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு பெரிதானது.

"மச்சான், விளையாடாதீய. அனிஷா ஓட்டுத வண்டி."

"ரேஞ்சர்ட்ட வெவரமா சொல்லத் தெரிஞ்ச வாய்தானே இது? இப்ப ஏன் நடுங்குது?"

"நான் சொல்லல மச்சான். மாதா மேல சத்தியம்."

"மாதாவ இழுக்காத. ஒனக்கெல்லாம் எதுக்குலே அம்மாம் பெரிய காரு? கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல ஒரு பிள்ளைக்கு வழியக் காணும். பின் சீட்ல யார உக்கார வைக்கப் போற? எஞ்சின்ல எண்ணெய் தொடைக்கிற துணியவா?"

ரெக்சன் கத்தினான்: "அந்த வண்டியவே கொண்டாந்து உன் மேல ஏத்துதேன் பாருலே!"

அம்புரோஸ் போனை அணைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தான்.

"கேட்டியள்லா? எல்லாரும் கேட்டியள்லா?"

*

இரண்டு நாள் கழித்து அனிஷா கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"அண்ணே, அவுக கோவத்துல பேசிட்டாவ. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்குதேன். அந்த நம்பர மட்டும் குடு."

"நீ ஏன்ளா கேக்க? அவன் வரட்டும். ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும், தெரு பூராவும் நிக்கும்போது, என் வீட்டு வாசல்ல வந்து கேக்கட்டும். நான் குடுத்த அந்தச் சீர் வண்டியில வரணும். குடுத்துருதேன்."

"வண்டி இறுகுதுண்ணே. அதுலயா வரச் சொல்லுத?"

அம்புரோஸ் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிறுத்தினான். யோசிக்க ஒன்றுமில்லை. முத்தையாபுரத்திலிருந்து வருகிற வழி பூராவும் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள்.

"அது நான் ஓட்டின வண்டி, எனக்குத் தெரியாதா? குளுந்து கெடந்தா அப்படித்தான் இறுகும். நல்லா வெரட்டிச் சூடாக்கிட்டா வெண்ணெ மாதிரி திரும்பும். நேரா வர வேண்டாம், ஒரு சுத்து ஓட்டிச் சூடாக்கிக்கிட்டு வரச் சொல்லு."

"சரிண்ணே. நாங்க வாரோம்."

"நீ வராத."

"ஏன்?"

"ஆம்பள மன்னிப்புக் கேக்குத எடத்துல பொம்பளைக்கு என்ன வேலை? அவன் மட்டும் வரட்டும்."

அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று அனிஷா நினைத்தாள். அவன் சொன்ன யோசனையை ஒரு எழுத்து விடாமல் புருஷனிடம் சொன்னாள். ரெக்சனுக்குக் குழப்பம்தான். பழையகாயலில் வண்டி சூடாகத்தானே இருந்தது? "ஓட்டின ஆளு சொல்லுதான். எனக்காக ஒரு தடவ கேளுங்க," என்றாள். கேட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஆட்கள் தெருவில் நின்றார்கள். அம்புரோஸ் வீட்டு கேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பேச்சிராஜா.

"வருவானாண்ணே?"

"வந்தாலும் வருவான். சேதி வந்தாலும் வரும்."

தெரு முனையில் வெள்ளை பானெட் தெரிந்தது. அம்புரோஸ் முகம் சுருங்கியது. வந்துவிட்டானே!

ரெக்சன் சொன்னபடி செய்திருந்தான். பைபாஸில் வெயிலில் ஒரு பெரிய சுற்று விரட்டி, துறைமுக ரோட்டைக் கடந்து, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க வந்திருந்தான். லாரிகள் இருந்த ரோடெல்லாம் நேர் ரோடு. அங்கே திருப்ப வேண்டிய தேவை வரவில்லை. வண்டி சூடான பிறகு வந்த முதல் பெரிய திருப்பமே அம்புரோஸின் தெரு. இடது பக்கம் ஒடித்தான். வண்டி திரும்பியது. நேராக்கப் போனான்.

ஸ்டியரிங் நின்றுவிட்டது.

பிரேக்கை மிதித்தான். ஐஸ் உருகி ஓடிய மீன் தண்ணீரில் நாலு சக்கரமும் சறுக்கின. ஹாரனை அழுத்தினான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, உடம்பே சாய இழுத்தான். கண்ணாடிக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைத் தெருவே பார்த்தது.

ரெக்சன் கொல்ல வருகிறான் என்று அத்தனை பேருக்கும் தோன்றியது. அவன் கொல்ல வரவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அம்புரோஸ்.

பேச்சிராஜா தாவி ஓடினான். அம்புரோஸும் எழுந்தான். மடித்துக் கட்டிய வேட்டி நாற்காலிக் கையில் மாட்டியது. கேட் தூணுக்கும் பம்பருக்கும் நடுவே அவன் முழங்கால்கள் நசுங்கிய சத்தம், தேங்காய் உடைத்த மாதிரி, ஹாரனை மீறிக் கேட்டது.

*

இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்திக்குக் கேஸ் சுலபமாக இருந்தது. 'உன் மேல ஏத்துதேன்' என்று ஸ்பீக்கரில் கேட்ட சாட்சி ஒரு டஜன். ஏற்றியதைப் பார்த்த சாட்சி ஒரு தெரு. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து ஸ்டேஷன் வாசலில் ஆறிக் கிடந்த வண்டியைத் திருப்பிப் பார்த்தார். வெண்ணெய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு காலையும் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டதில் கிடந்த அம்புரோஸிடம் வாக்குமூலம் வாங்கினார்கள்.

"வண்டில கோளாறு ஏதும் உண்டா?"

"ஒண்ணும் கெடையாது. வேணும்னே ஏத்தினான்."

கொலை முயற்சி. ரெக்சன் அதே பேரூரணி ஜெயிலுக்குப் போனான். கப்பல் அவன் இல்லாமல் போனது. இந்தக் கேஸ் நின்றால் இனி எந்தக் கப்பலிலும் அவனுக்கு இடமில்லை.

"ரீகால்னு ஒண்ணு இருக்கு சார். சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்ல நானே பார்த்தேன்," என்றாள் அனிஷா.

"கம்பெனிக்கு எழுதியிருக்கோம்மா. பதில் வரட்டும்," என்றார் மந்திரமூர்த்தி. எழுதியிருந்த மாதிரி தெரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் செந்தூர்வேல் அவளைப் பார்த்ததுமே சொன்னான்: "ஓடிபி கெடச்சா ஒரு நிமிஷ வேலை மேடம்."

*

முதல் வாரம் அம்புரோஸ் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். ஆரஞ்சு, ஆப்பிள். இரண்டாவது வாரம் பேச்சிராஜா மட்டும். அதற்கப்புறம் அவனும் இல்லை. பெண்டாட்டி என்றோ கோபித்துக்கொண்டு போனவள், செய்தி அனுப்பியும் வரவில்லை. துடைக்கவும் துவைக்கவும் மலச்சட்டி வைக்கவும் மிச்சமிருந்தது தங்கச்சி ஒருத்திதான். தினமும் வந்தாள். ஒன்றும் கேட்காமல் எல்லாம் செய்தாள். அம்புரோஸ் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டான்.

அன்று மதியம் சோறு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வயிறு புரட்டியது.

"ஏளா, சட்டிய எடு."

அனிஷா கட்டிலுக்கடியிலிருந்து சட்டியை எடுத்தாள். கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டேன். கேளு."

"என்னது?"

"சத்தமா கேளுண்ணே. இங்கன எல்லாரும் கேக்கட்டும்."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் பெண்டாட்டி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள். அம்புரோஸின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது.

"வெளையாடாத. வயிறு தாங்கல."

"நானும் வெளையாடல." அவள் தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. "வணக்கம், கஸ்டமர் கேர், இந்துமதி" என்று குரல் வந்தது. வண்டி நம்பரைச் சொன்னாள். ஓனர் பக்கத்திலேயே இருக்கிறார் என்றாள். "அவர் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கேன் மேடம், பத்து நிமிஷம் செல்லும்."

தலையணைக்கடியில் அம்புரோஸின் போன் சிணுங்கியது. அதன் பூட்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"பத்து நிமிஷம்ணே. ஒனக்கு அவ்வளவு நேரம் இருக்கா?"

"நர்ஸம்மா!" என்று கத்தினான்.

"ஆள் இருக்காங்கல்ல, அவங்ககிட்ட கேளுங்க," என்று அடுத்த அறையிலிருந்து பதில் வந்தது.

எழுந்து ஓடக் காலில்லை. ஒரு கையில் டிரிப் ஊசி. வயிற்றுக்குள் யாரோ கயிறு திரிப்பது போலிருந்தது. நம்பரைச் சொன்னால் பொய் வாக்குமூலம் உடையும். சொல்லாவிட்டால் இந்த வார்டு முழுக்கப் பார்க்க, படுத்த படுக்கையில்...

மற்ற கையால் போனை எடுத்துப் பூட்டைத் திறந்தான். "நாலு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "எட்டு. ரெண்டு. ரெண்டு. சட்டியக் குடுளா!"

"கண்ணாடி போடாமலே சரியாச் சொல்லிட்டியே," என்றாள் அனிஷா. எண்ணைச் சொன்னாள்.

"நன்றி மேடம். சரியா இருக்கு." இந்துமதியின் குரல் உற்சாகமாகியது. "விவரம் எல்லாம் உங்க மெயிலுக்கு அனுப்பறேன். சார்கிட்ட பல தடவை பேசியிருக்கேன் மேடம். ஒவ்வொரு தடவையும் வண்டி ஷெட்ல நிக்குது, ஓட்டலைன்னுதான் சொன்னார். எல்லாம் ரெக்கார்ட் இருக்கு. வண்டி நல்லா சூடானாத்தான் ஸ்டியரிங் இறுகும், எடுக்கவே வேண்டாம்னு முதல் நாளே சொல்லிட்டேன். இன்னும் எடுக்கலைதானே சார்?"

அனிஷா போனை அணைத்தாள். சட்டியைக் கட்டில் பக்கம் கொண்டுவந்த கை பாதியில் நின்றது.

"சூடானா இறுகும்," என்றாள் மெதுவாக. "சூடாக்கிக் கொண்டுவரச் சொல்லி என் வாயால சொல்ல வச்ச. என்னைய மட்டும் வராதேன்ன."

"நீ என் ரத்தம்ளா. அதான் ஒன்னைய... அவன் என்னைக் காட்டிக் குடுத்தவன். ரேஞ்சர்ட்ட..."

"ரேஞ்சர்ட்ட சொன்னது அவுக இல்ல." அவள் குனிந்து அவன் கண்ணுக்கு நேராக வந்தாள். "நான். அவுக கப்பல் வேலைய நீ அழிச்சிரக் கூடாதுன்னு நான்தான் போன் போட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்கே தெரியாது."

அனிஷா சட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். அவன் பாதங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில். தள்ளியும் வைக்கவில்லை, கிட்டவும் வைக்கவில்லை. போனையும் பையையும் எடுத்துக்கொண்டாள்.

"ஏளா! அனிஷா! கிட்ட வச்சிட்டுப் போளா!"

அவன் கையை நீட்டினான். எட்டவில்லை. டிரிப் குழாய் இழுபட்டு ஊசி கழன்றது. பக்கத்துக் கட்டில்காரரின் பெண்டாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

வாசல் வரை போன அனிஷா திரும்பிப் பார்க்கவில்லை. மெயில் வந்துவிட்டதா என்று போனைப் பார்த்தாள். வந்திருந்தது. பேரூரணி பஸ்ஸா, ஸ்டேஷனா, எது முதலில் என்று யோசித்தபடி படியிறங்கினாள்.